பூ பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

அக்கா,

இன்று காலை வாசலில் நின்ற காடியின் முன்கண்ணாடி முழுக்க இளஞ்சிவப்புப் பூ. விடியற்காலை மழையில் நனைந்து ஈரத்துணி மாதிரி ஒட்டிக் கிடந்தது. எதிர்ச்சாரியில் நட்ட தெக்கோமா மரம், நீங்கள் இருந்தபோது இடுப்பளவு நின்றதே, அதுதான் இப்போது மாடி வரை வளர்ந்து நம் வாசலில் கொட்டுகிறது.

உங்கள் கொழுந்தன் அதைத் துடைக்கவில்லை. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "மாலா, இங்க வா லா. ஜப்பானுக்கே போக வேணாம், பாரு," என்றார். எடுத்த படத்தைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். ஒரு நிமிடத்தில் ஈப்போவிலிருந்து உங்கள் மகள் ஒரு சிவப்பு இதயம் போட்டாள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நான் நின்று பார்க்கவில்லை. உள்ளே வந்து சமையலறையில் நின்றுகொண்டேன். நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலைப் பூங்காவில் நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

நாம் எப்படிப் பூ பார்க்கப் போக ஆரம்பித்தோம் என்று நினைவிருக்கிறதா? எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார், தினம் நடக்கச் சொன்னார். தினமும் முடியாது, ஞாயிறு காலை மட்டும் போகலாம் என்று வீட்டில் முடிவானது. தனியாக எப்படிப் போவது, அண்ணியைத் துணைக்குக் கூட்டிப் போ என்றார் உங்கள் கொழுந்தன். எனக்கு நீங்கள் துணை என்பது வீட்டுப் பேச்சு. உண்மையில் உங்களுக்கு நான் அனுமதிச் சீட்டு. ஜூரு சாலையில் மோட்டார் விபத்தில் உங்கள் வீட்டுக்காரர், மாமா, போன பிறகு, கோயிலையும் சாவு வீட்டையும் தவிர நீங்கள் தனியாக எங்கும் போனதில்லை. டத்தோ கிராமாட்டில் நம் வீட்டுச் சமையலறையும் பின்கட்டும் உங்கள் கையில் இருந்தன. முன்கட்டு எங்கள் கையில் இருந்தது. ஓரகத்திகள் என்று ஊர் சொன்னாலும், அந்த வீட்டில் நான் மருமகள், நீங்கள் வேலைக்காரி. அன்று இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

பூங்காவின் வாசலைத் தாண்டியதும் நீங்கள் வேறு ஆளாகிவிடுவீர்கள். வீட்டில் பல் தெரியச் சிரித்துப் பார்க்காத உங்களை அங்கேதான் பார்த்தேன். ஒவ்வொரு மரத்துக்கும் உங்களிடம் ஒரு குறும்பு இருந்தது. ஒரு பக்கம் மட்டும் பூத்த தெக்கோமாவைப் பார்த்து, "சொத்துல பாதிய எழுதி வாங்கிட்டானுங்க போல," என்பீர்கள். கிளை தெரியாமல் பூத்து நிற்பதைக் காட்டி, "கல்யாண வீட்டு மாமி. இருக்கிற நகைய எல்லாம் ஒரே நாள்ல போட்டுக்கிச்சு," என்பீர்கள். அங்சானா பூக்கும் நாளைப் பிடிக்க உங்களுக்கு ஆசை. ஒரே நாள் பூத்து மறுநாள் சாலை முழுக்க மஞ்சளாக உதிர்ந்துவிடும் அந்த மரத்தை, மூன்று வருடத்தில் இரண்டு முறை பூவோடு பிடித்தோம். நாகலிங்க மரத்தடியில் நின்று அந்த வாசனையை இழுத்துவிட்டு, "இத விட்டுட்டா எவனோ பாட்டில்ல அடைச்சத வாங்குறாங்க," என்று தலையை ஆட்டுவீர்கள்.

அப்படி ஒரு காலையில்தான் குரங்கு உங்கள் பையைப் பிடுங்கியது. நாம் பொட்டலமாகத் தாப்பாவ் செய்து கொண்டு போயிருந்த நாசி லெமாக் சோறு அதில் இருந்தது. நான் கத்தினேன். நீங்கள் கத்தவில்லை. கிளையில் ஏறி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்த குரங்கைப் பார்த்து, "டேய், அதுல சம்பல் ஜாஸ்தி டா. வயிறு எரியும்," என்றீர்கள்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. குடையை ஊன்றிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். "அது இந்த ஊர்க் குரங்கு அக்கா. காரம் பழக்கந்தான்," என்றார்.

அவர்தான் மணியம். பட்டர்வொர்த்திலிருந்து ஞாயிறுதோறும் ஃபெரி ஏறி, பிறகு பஸ் பிடித்து நடக்க வருபவர். மாக் மண்டினில் ஒரு கடைசல் பட்டறையில் முப்பது வருடம் வேலை. நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய்க் கோடு எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை என்று அவரே காட்டினார். மனைவி இறந்து மூன்று வருடம், ஒரே மகன் ஜோகூரில். தன் பையிலிருந்த அவித்த கடலையை நமக்குப் பங்கு வைத்தார். எனக்கு அன்று அவரைப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று பேராக நடந்தோம். பூ முடிந்த மாதங்களிலும் நடந்தோம். ஓடையை ஒட்டிய பாதையில் இரண்டு பேர்தான் பக்கத்தில் நடக்கலாம், மூன்றாவது ஆள் பின்னால் வர வேண்டும். முதலில் அவர் பின்னால் வந்தார். எப்போது மாறியது என்று தெரியவில்லை, ஒரு நாள் பார்த்தால் நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்களை "அக்கா" என்று கூப்பிட்டவர், மூன்றாவது மாதம் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். வேறு எந்தச் சொல்லும் வைக்கவில்லை. "இங்க பாருங்க", "மெதுவா வாங்க", அவ்வளவுதான். நீங்களும் "அண்ணே" என்பதை விட்டுவிட்டீர்கள். என்னை மட்டும் "தங்கச்சி" என்றே கூப்பிட்டார். உங்கள் இருவருக்குமே தெரிவதற்கு முன் எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த பூக்காலம் வந்தது. மழையே இல்லாமல் காய்ந்து கிடந்து, பிறகு ஒரு நாள் கொட்டித் தீர்த்து, பத்துப் பன்னிரண்டு நாளில் ஊரே இளஞ்சிவப்பானது. மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பூ சுழன்று வந்து உங்கள் கொண்டையில் விழுந்தது. உங்களுக்குத் தெரிந்தது. தட்டிவிடக் கை தூக்கினீர்கள், பிறகு தூக்கிய கையை இறக்கிக்கொண்டீர்கள். அவரும் அதைப் பார்த்தார். மாமா போன நாளிலிருந்து உங்கள் தலையில் பூ இருந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பூக்காரி வந்தால் எனக்கு ஒரு முழம், சாமி படத்துக்கு ஒரு முழம். உங்களுக்கு வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பஸ் நிறுத்தத்தில் அந்தப் பூவை நான் எடுத்துப் போட்டேன். "வீட்டுக்குப் போறோம்க்கா," என்றேன். நீங்கள், "ஆமா, ஆமா," என்று தலையை இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டீர்கள்.

அந்த வாரமே, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, குழாய்ச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னீர்கள். "மாலா, அவரு வீட்டுக்கு வந்து பேசலாமான்னு கேக்குறாரு. நான் என்ன சொல்றது? நீ தம்பிகிட்ட நேரம் பார்த்து மெதுவா சொல்றியா? நீ சொன்னா கேப்பாரு."

"சொல்றேன்க்கா," என்றேன்.

உங்கள் கை ஈரத்தோடு என் கையைப் பிடித்தது. உங்களுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பதினைந்து வயதுப் பெண்ணைப் போல உங்கள் முகம் சிவந்திருந்தது.

நான் நேரம் பார்க்கவில்லை. மெதுவாகவும் சொல்லவில்லை. அன்று மாலை உங்கள் கொழுந்தன் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா தண்ணீர்மலையில ஒரு ஆளோட பழகுறாங்க," என்றேன். "பழகுறாங்க." வேறு எத்தனையோ சொல் இருந்தது. நல்ல மனிதர், மனைவி இல்லாதவர், முறையாக வந்து கேட்கிறார் என்று எல்லாமே சொல்லியிருக்கலாம். நான் அந்த ஒரு சொல்லைத்தான் பொறுக்கி எடுத்தேன். அது என்ன செய்யும் என்று தெரிந்துதான் எடுத்தேன்.

ஏன் என்று ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை. நீங்கள் போய்விட்டால் சமையலறை முழுவதும் என் தலையில் விழும் என்று பயந்தேன். ஓடைப் பாதையில் பின்னால் நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மணியம் உங்களைப் பார்த்த மாதிரி என் கணவர் என்னை ஒரு நாளும் பார்த்ததில்லை. இவ்வளவுதான். இந்தச் சில்லறைக் காரணங்களுக்கு உங்கள் வாழ்க்கையைக் கொடுத்தேன்.

உங்கள் கொழுந்தன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. "பொண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்துல நல்லா இருக்கா இது?" என்று என்னிடம்தான் கேட்டார். மறுநாள் சாப்பாட்டு மேசையில், இனி ஞாயிறு காலையும் கடை திறக்கப் போவதாகவும், அண்ணி உதவிக்கு வேண்டும் என்றும் பொதுவாகச் சொன்னார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு என்னை மட்டும் பூங்காவுக்கு அனுப்பினார். "வேணாம்னு சொல்லிட்டு வா. அவங்களே சொன்னதா சொல்லு, அப்பதான் திரும்ப வர மாட்டான்." உங்களிடம் வேறு கதை. மாலா நடக்கத்தானே போகிறாள், அந்த ஆள் எதிர்ப்பட்டால் வீட்டுக்கு வரச் சொல்லட்டும், பேசிப் பார்க்கலாம் என்றார். அதை நீங்கள் நம்பினீர்கள். கடைக்குக் கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, "வழி சரியா சொல்லு, அவருக்கு இந்தப் பக்கம் தெரியாது," என்றீர்கள்.

உங்கள் இருவரிடமும் மற்றவருடைய தொலைபேசி எண் இல்லை. கேட்க அவருக்குக் கூச்சம், கொடுக்க உங்களுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே, அது போதும் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தீர்கள். அதனால்தான் எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

"அக்காவுக்கு இஷ்டம் இல்ல. இனிமே வர மாட்டாங்க," என்றேன் அவரிடம்.

"அவங்களே சொன்னாங்களா தங்கச்சி?"

"அவங்களேதான்."

அவர் குடையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "சரிம்மா. தொந்தரவு குடுத்திருந்தா மன்னிச்சுக்கச் சொல்லுங்க," என்றார்.

மத்தியானம் நீங்கள் கடையிலிருந்து வந்து, கை கழுவாமலே சமையலறைக்குள் வந்தீர்கள். "வந்தாரா?"

"வரலக்கா. ரெண்டு மணி நேரம் பார்த்தேன்."

நீங்கள் அடுப்பை மூட்டினீர்கள். "மழை வர்ற மாதிரி இருந்துச்சுல்ல, அதான்," என்றீர்கள். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

நான்கு ஞாயிறு வரை கேட்டீர்கள். பிறகு கேட்கவில்லை. அடுத்த வருடம் பூக்கிற நேரத்தில் நோய்த்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பூங்காக்களையே மூடிவிட்டார்கள். பார்க்க ஆளில்லாமல் மரங்கள் பூத்தன என்று செய்தியில் காட்டினார்கள். நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே அதைப் பார்த்தீர்கள். அந்த மரங்களுக்கு உங்களிடம் ஒரு குறும்பும் இல்லை.

மார்பில் கட்டி இருந்ததை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். உங்களுக்கு நம்பிச் சொல்ல அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன், ஒரு முறை நம்பிச் சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று உங்கள் உடம்புக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர்கள் எங்களைத் திட்டினார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம்.

கடைசி வாரத்தில் ஒரு பகல். வார்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். நான் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "மாலா, அன்னைக்கு அவரு நெசமாவே வரலையா?" என்று கேட்டீர்கள்.

இதைவிட ஒரு வாய்ப்பை யாரும் எனக்குத் தந்திருக்க முடியாது. பக்கத்தில் யாருமில்லை. உங்களிடம் எனக்குப் பயமுமில்லை. வாயைத் திறந்தேன். "வரலக்கா," என்றேன்.

"சரி போ. நல்ல மனுசன். ஏதாவது காரணம் இருந்திருக்கும்," என்றீர்கள்.

அப்படியே போய்விட்டீர்கள். உங்கள் மகளின் வரனுக்காகத்தானே எல்லாம்? அவள் கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். அவனுக்குத் தாய்மொழி வேறு, சாமி வேறு. உங்கள் கொழுந்தன் பட்டு வேட்டி கட்டி முன்வரிசையில் நின்று எல்லோரையும் வரவேற்றார். "காலம் மாறிப் போச்சு, நாமளும் மாறணும்," என்று மைக்கில் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இனிப் போன ஞாயிறு. கடையை எங்கள் மூத்த மகனிடம் கொடுத்துவிட்ட பிறகு உங்கள் கொழுந்தனுக்குப் பொழுது போகவில்லை. நண்பர்கள் எல்லோரும் பூ பார்க்கப் போய்ப் படம் அனுப்புகிறார்களாம். "நாமளும் போவோம், தண்ணீர்மலையில நல்லா இருக்காம்," என்றார். அந்த இடத்தை அவர்தான் எனக்குப் புதிதாகச் சொல்வது போலச் சொன்னார். போனோம். கூட்டம் நிரம்பி வழிந்தது. வாசலுக்கு வெளியே இளநீர் விற்கும் கடையில் அவர் வரிசையில் நின்றார். நான் தனியாக உள்ளே வந்து ஒரு மரத்தடியில் நின்றேன்.

"தங்கச்சி?"

திரும்பினேன். முடி முழுக்க வெளுத்துவிட்டது. குடை இல்லை, கைத்தடி. ஆனால் அவர்தான்.

நலம் விசாரித்தார். என் சர்க்கரையைக்கூட ஞாபகமாகக் கேட்டார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, "அவங்க வரலையா?" என்றார்.

"அக்கா இல்லண்ணே. நாலு வருஷம் ஆச்சு," என்றேன்.

பக்கத்துச் சிமெண்ட் திட்டில் உட்கார்ந்துகொண்டார். என்ன நோய் என்று கேட்டார், சொன்னேன். கஷ்டப்பட்டாங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "அண்ணே, அக்கா வேணாம்னு சொல்லவே இல்ல. நாந்தான் பொய் சொன்னேன். நீங்க வரலேன்னு அவங்ககிட்டயும் பொய் சொன்னேன். அவங்க கடைசி வரைக்கும் உங்களக் கேட்டாங்க," என்று கொட்டிவிட்டேன். சொன்னால் என் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன் போல. அவரை நினைக்கவில்லை. இந்த முறையும் நான் என்னைத்தான் நினைத்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. கைத்தடியின் பிடியைத் தடவினார்.

"அவங்களுக்கு என்னப் பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேம்மா," என்றார். "ஆறு வருசம். கஷ்டமாத்தான் இருந்துச்சு, அப்புறம் பழகிப் போச்சு. இப்ப வந்து சொல்றீங்களே. இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்றது?"

அவர் எழுந்து, கூட்டத்துக்குள் மெதுவாக நடந்து போனார். படம் எடுப்பவர்களுக்கு வழி விட்டு விட்டுப் போனார்.

உங்கள் கொழுந்தன் இரண்டு கையிலும் இளநீரோடு வந்தார். "யாரு அது?"

"மணியம்."

"எந்த மணியம்?"

அவர் முகத்தையே பார்த்தேன். நடிக்கவில்லை அக்கா. உண்மையிலேயே ஞாபகமில்லை. நான் அங்கேயே நின்று முழுவதும் சொன்னேன். இளநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "ஓ, அந்த ஆளா," என்றார். "அப்ப இருந்த நெலம அப்படி. செத்துப் போனவங்களப் பத்தி இப்ப என்னத்துக்கு? நீ அந்தக் கெளைக்குக் கீழ நில்லு, வெளிச்சம் நல்லா இருக்கு." நான் நிற்கவில்லை. அவர் மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. இருந்திருந்தால் மன்னித்திருப்பீர்கள். எனக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்து, சரி போ என்றிருப்பீர்கள். உங்களிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா. ஒரு நாளாவது நீங்களே பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். ஒரு நாளாவது என்னை நம்பாமல் இருந்திருக்கலாம்.

மணியம் அண்ணனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்ல வேண்டும். அவருக்குச் சொல்லாததையும் சொல்ல வேண்டும், இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவர் வந்தார். எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். நடக்க வருகிற சட்டை இல்லை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அன்றே நம் வீட்டுக்கு வரலாம் என்று நினைத்திருக்கிறார். வெறுங்கையோடு வரக் கூடாதே என்று ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு, அந்தப் பையை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடமே நீட்டினார். "புள்ளைங்களுக்குக் குடுங்கம்மா," என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத்தான் மேசையில் வைத்தேன். நீங்கள் வழக்கம்போல எல்லோருக்கும் உரித்துக் கொடுத்தீர்கள். கடைசியில் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "நல்ல இனிப்பா இருக்கே மாலா, எங்க வாங்கின?" என்று கேட்டீர்கள்.

பாசாரில் என்றேன்.

மாலா